சாப்பாடு போட்டது குற்றமோ

கடையை முழுக்கப் பாத்திட்டீர்தானே தம்பி, இனி உதிலை இரும். அந்தப் பெட்டியைத் தள்ளிப்போட்டு வடிவா இரும். லோசினி சமைச்சுக்கொண்டிருக்கிறாள், சாப்பிட்டுத்தான் போகவேணும். மணக்குதே? நண்டு. வீட்டுக்கு வாற ஆக்களுக்கு நண்டுக்கறி வைக்காமல் என்ரை மனிசி அனுப்பமாட்டாள். எனக்கு அதிலை ஒரு கரண்டி விடமாட்டாள், அது வேறை கதை. வேறை கதையென்ன, இதே கதைதான்.

ஏன் விக்கிறியள் எண்டு கேட்டனீர். நல்ல கேள்வி. நல்லா ஓடின கடை தம்பி. இந்தப் பக்கத்திலை குடிவகை விக்க லைசென்ஸ் உள்ள ஒரே கடை இதுதான். சனிக்கிழமையெண்டால் நிக்க இடமிருக்காது. இப்ப பாரும், இண்டைக்குச் சனிக்கிழமை, நீர் வந்து இவ்வளவு நேரத்துக்கு ஒரு சனம் உள்ளுக்கை வந்ததே? உமக்குப் பொய் சொல்லி விக்க எனக்கு விருப்பமில்லை. நான் நேர்மையான மனிசன். இந்த ஊரிலை ஆரையும் கேட்டுப்பாரும். இல்லை, இப்ப கேக்காதையும். இப்ப ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவாங்கள்.

எல்லாத்துக்கும் காரணம் உந்தப் போத்தல். அந்தக் கீழ்த்தட்டிலை, சாம்பல் குதிரை போட்ட லேபிள். ஓம், அதுதான். ஒண்டை எடுத்து இதிலை வையும். பிட்டர் எண்டு சொல்லுறது. கசப்புப் பியர். அதுக்கு நீளமா ஒரு பேர் இருக்கு, நாங்கள் குதிரைப் போத்தல் எண்டுதான் சொல்லுவம். கடையிலை இருக்கிறதுக்குள்ளை ஆக மலிவு அதுதான். நான் குடியாதவன் தம்பி. கோயில்லை கேட்டாலும் சொல்லுவினம். ஆனால் குடிக்கிறவங்கள் உதைப்பற்றிச் சொல்லுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது தேவாரம் மாதிரிப் பாடம்.

ஆர்தர் எண்டு ஒரு கிழவன். முந்தி பஸ் ஓடினவன். அவன் சொல்லுவான், உது உழைச்ச மனிசன் குடிக்கிற சாமான், பகட்டில்லாத சாமான், உதைவிட விலைகூடினதெல்லாம் லேபிளுக்குக் குடுக்கிற காசு எண்டு. அவன்ரை கூட்டாளி கென். அவன் ஒவ்வொரு நாளும் வந்து, 'இந்தப் பாத்திரம் கழுவின தண்ணியிலை ரெண்டு தா' எண்டு கேப்பான். ஒரு நாளும் வேறை வாங்கமாட்டான். மொரீன் எண்டு ஒரு மனிசி, அவள் மூடியைத் திறந்து மணந்து பாத்துப்போட்டு, செத்துப்போன என்ரை மனிசன்ரை கம்பளிச் சட்டை இப்பிடித்தான் மணக்கும் எண்டு கண் கலங்குவாள். தாடி வைச்ச ஒரு பொடியன் வந்தவன், நனைஞ்ச காட்போட் மட்டையைச் சப்பின மாதிரிக் கிடக்கு, இன்டர்நெட்டிலை எழுதிப்போட்டன் எண்டான். கிழவங்கள் ரெண்டும் அவனைக் கடையை விட்டுக் கலைச்சுப்போட்டாங்கள். என்ரை கடையை விட்டு என்ரை வாடிக்கைக்காரனைக் கலைக்க இவங்கள் ஆர்? ஆனால் நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் பொறுமைசாலி.

நான் கடை எடுத்த புதுசிலை, பியர் எண்டால் குளிர்ந்திருக்கவேணும் எண்டு குதிரைப் போத்தல் எல்லாத்தையும் பிரிட்ஜுக்குள்ளை அடுக்கிப்போட்டன். எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே குடிக்கிறவை. ஆர்தர் ஒரு போத்தலைத் தொட்டுப் பாத்திட்டு, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டான். 'டார்மா, உதைச் சாகடிச்சுப்போட்டாய். குளிரிலை நாக்கு விறைச்சுப்போம், ஒண்டும் தெரியாது' எண்டான். என்ரை பேர் தர்மகுலசிங்கம். அவங்களுக்கு டார்மா. சரி, அப்ப வாங்காதை எண்டு சொன்னன். பிரிட்ஜிலையிருந்து எடுத்து உந்தக் கீழ்த்தட்டிலை, சுவரோரமா, பக்குவமான குளிரிலை அடுக்கினது நானில்லை. அது குகன்.

குகன் ஆரெண்டு சொல்லேல்லை என்ன? லோசினியின்ரை தம்பி. குகநேசன். எங்கடை பிரச்சினையளாலை அங்கையிருந்து வெளிக்கிட்டு, எங்கையெல்லாமோ திரிஞ்சு கடைசியா இஞ்சை வந்து சேந்தவன். அகதிக் கேஸ் போட்டான். அவங்கள் கூப்பிட்டு இருத்திக் கேள்வி கேட்டாங்கள். தன்னைப் பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சதெண்டு இவன் சொன்னது ஒண்டையும் நம்பேல்லை. இவன்ரை கதை நம்பத்தகுந்ததில்லை எண்டு எழுதி நிராகரிச்சுப்போட்டாங்கள். பேந்து அப்பீல். அதுக்குத் திகதி வருமட்டும் இஞ்சை மேல் அறையிலை இருந்தான். வேலை செய்யிறதுக்கு அவனுக்கு அனுமதியில்லை. ஆனபடியால் கடையிலை சும்மா ஒத்தாசையா நிண்டான். பெட்டி இறக்குவான், அடுக்குவான், கூட்டுவான், கழுவுவான். சம்பளமெண்டு இல்லை. குடும்பத்துக்குள்ளை என்ன சம்பளம்? படுக்கை குடுத்தனான். சாப்பாடு போட்டனான். நான் அவனுக்குச் செய்ததெல்லாம் சாப்பாடு போட்டதுதான் தம்பி. சாப்பாடு போட்டது குற்றமோ?

கதைக்கமாட்டான். ஊமை மாதிரி. ஏதும் கேட்டால் முதல் நிலத்தைப் பாப்பான். ஒரு நாள் ஆர்தர் கடைக்கு முன்னாலை இருக்கிற வாங்கிலை, அந்த மரப் பெஞ்சிலை, இருந்து குடிச்சுக்கொண்டு, கூட்டிக்கொண்டு நிண்ட இவனைக் கூப்பிட்டு, 'நீ சொல்லு, உது எப்பிடி இருக்கு?' எண்டு ஒரு கிளாஸை நீட்டினான். பகிடிக்குத்தான் கேட்டிருப்பான். இவன் வாங்கிக் குடிச்சான். கண்ணை மூடினான். பேந்து தன்ரை உடைஞ்ச இங்கிலீசிலை சொல்லுறான், 'முதல் கருகின பனங்கட்டி. பிறகு வேப்பம்பூ வடகம். கடைசியிலை பாண்கரை.'

பாண்கரை விளங்கியிருக்கும், பிரெட்டின்ரை ஓரந்தானே; பனங்கட்டியும் வடகமும் அவங்களுக்கு என்ன விளங்கும்? விளங்கேல்லை எண்டாங்கள். இவன் உள்ளுக்கை ஓடிப்போய், லோசினி போட்டு வைச்சிருந்த வேப்பம்பூ வடகத்தைப் பொரிச்சு, ஒரு துண்டு பனங்கட்டியையும் கொண்டுவந்து குடுத்தான். கிழவங்கள் ரெண்டும் வடகத்தைக் கடிச்சு, பியரைக் குடிச்சு, ஒருத்தன்ரை முகத்தை ஒருத்தன் பாத்தாங்கள். கென் சொன்னான், 'நாப்பது வருசமா உந்தத் தண்ணியைக் குடிக்கிறன், இப்பதான் உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு தெரியுது.' அண்டையிலிருந்து இவனுக்குப் பேர் ஜட்ஜ்.

ஜட்ஜ்! என்ரை கடை கூட்டுறவன் ஜட்ஜ்!

பேந்து ஒவ்வொரு பின்னேரமும் வாங்கிலை கூட்டம். எங்கையெங்கையோ இருந்து போத்தல் வாங்கிக்கொண்டு வந்து இவனிட்டைக் குடுத்துக் கேப்பாங்கள். இவன் ஒரு வாய் குடிச்சுப்போட்டுச் சொல்லுவான். இது மழை பெய்த ஓலை. இது ஊறின புளி. இதிலை ஒண்டுமில்லை, சீனித்தண்ணி. அவங்கள் தலையை ஆட்டுவாங்கள். வெள்ளைக்காரன் கேள்வி கேக்க, இவன் பதில் சொல்ல, அவன் அதை நம்புறான் பாரும். அதுதான் இவனுக்குப் பெரிய புளுகம், அப்பிடியொரு சந்தோசம். ஒரு நாள் லோசினிக்குச் சொல்லுறான், 'அக்கா, இஞ்சை நான் சொன்னதை முதல் முதல் நம்பினது இவங்கள்தான்' எண்டு. அவள் அழுதாள். எனக்கு விளங்கேல்லை அதிலை அழ என்ன இருக்கெண்டு. பியரைப்பற்றித்தானே கதைச்சவன்?

நீர் யோசிச்சுப் பாரும். நான் லைசென்ஸ் எடுத்து, வட்டிக்கு வாங்கி, நாரி முறிய உழைச்சுக் கட்டின கடை. உள்ளுக்கை வாறவன் என்ரை முகத்தைப் பாத்து, 'டார்மா, ஜட்ஜ் எங்கை?' எண்டு கேட்டால் எரிச்சல் வராதோ? எனக்கு எரிஞ்சது. அதை நான் ஒளிக்கேல்லை. ஒருக்கால் ஆர்தரைக் கேட்டன், என்னட்டையும் ஒண்டு கேட்டுப்பாருமன், எனக்கும் நாக்கிருக்குத்தானே எண்டு. 'நீ குடியாதவன்தானே' எண்டு சிரிச்சான். குடியாதது ஒரு குறையாப் போச்சு.

அந்தக் கதவு சாத்தியிருக்கே? சரி.

இந்த ஊரிலை ஒரு கிளப் இருக்கு, பழைய மில் தொழிலாளரின்ரை. வருசத்திலை ஒருக்கால் அங்கை பியர் நாள். அஞ்சு கிளாஸிலை அஞ்சு பிட்டர் ஊத்தி, போத்தலைத் துணியாலை மூடி வைப்பாங்கள். நடுவர் ஒருத்தன் குடிச்சுப்போட்டு எது எதெண்டு சொல்லவேணும், எது திறமெண்டு சொல்லவேணும். அது அவங்களுக்குத் திருவிழா. அந்த வருசம் ஆர்தர் போய், எங்கடை ஜட்ஜைக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டான். கமிட்டிக்காரருக்கு விருப்பமில்லை. எங்கடை பிட்டரைப்பற்றி அவனுக்கென்ன தெரியும் எண்டாங்களாம். ஆர்தர் தன்ரை பேரிலை பொறுப்பெடுத்தான்.

ஏன் அவ்வளவு பாடுபட்டவன் தெரியுமே? அப்பீல் திகதி கிட்ட வந்திட்டுது. ஆர்தர் என்னட்டையே சொன்னவன், கிளப் சனம் இவனை ஒருக்கால் தெரிஞ்சுகொண்டால் பத்துப் பேர் கோட்டுக்கு வருவினம், இவன் எங்கடை ஆள், இவனை எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லுவினம், அது கேஸுக்குப் பெரிய பலமெண்டு லோயர் சொன்னவராம். அப்ப குகன்ரை கேஸ் அந்தக் கிளாஸுக்குள்ளை இருந்ததெண்டு வையும்.

அதோடை இன்னொண்டும் சொன்னவன். 'டார்மா, சனிக்கிழமை அவனை வெறும் பாண் மட்டும் சாப்பிடச் சொல்லு' எண்டு. நான் ஓமெண்டு தலையாட்டினன். கடையிலை சனம். மறந்துபோனன். மனிசன் மறக்கிறதில்லையே? பாண் சாப்பிடச் சொன்னவன்தான், ஏனெண்டு சொன்னவனே? நண்டு சாப்பிடவேண்டாமெண்டு சொன்னவனே? குடியாதவனுக்கு உதெல்லாம் என்னண்டு தெரியும்?

வெள்ளிக்கிழமை நான் லண்டனுக்குப் போய் நண்டு வாங்கிக்கொண்டு வந்தன். வழக்கமா மீன் வாங்கப் போறது லோசினிதான். அண்டைக்கு எனக்கு ஒரு ஆசை, பொடியன் பெரிய சபைக்குப் போறான், அவனுக்கு விருப்பமானதைச் சமைச்சுக் குடுப்பமெண்டு. பெட்டை நண்டாப் பாத்து வாங்கினன். லோசினிக்கு அப்பிடிச் சந்தோசம். இவர் என்ரை தம்பிக்கு நண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் எண்டு ரெலிபோனிலை தமக்கைக்காரியளுக்கெல்லாம் சொன்னாள். அவளுக்கு நான்தான் சொன்னனான், மிளகாய்த்தூளைக் கொஞ்சம் கூடப் போடு, பொடியன் பயந்துபோய் நிக்கிறான், உறைப்புச் சாப்பிட்டால்தான் உசார் வருமெண்டு. அவள் ஊர்த்தூளை அள்ளிப் போட்டாள். கறி செக்கச்செவேலெண்டு கிடந்தது.

சனிக்கிழமை, கிளப்புக்குப் போக முதல் குகன் வந்து பாத்திட்டு, 'அக்கா, போட்டுவந்து சாப்பிடுறனே' எண்டான். இவளின்ரை முகம் வாடிப்போச்சு. நான் விட்டனே? 'அத்தான் லண்டன் மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்தது, அக்கா விடிய எழும்பி நிண்டு சமைச்சது, நீ என்ன துரையாகிட்டியோ?' எண்டு கேட்டன். கேக்க இருந்து சாப்பிட்டான். நான் பக்கத்திலை நிண்டு பரிமாறினன். கலியாண வீட்டிலையும் ஒருத்தருக்கும் நான் அப்பிடிப் பரிமாறினதில்லை. குழம்பு விட்டு, பேந்தும் விட்டு, பொரிச்ச மோர்மிளகாயை என்ரை கையாலை வைச்சன். கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டான். அக்கா மனம் நோகக்கூடாதெண்டு நக்கித் துடைச்சான். சொல்லும், சாப்பாடு போட்டது குற்றமோ?

கிளப்பிலை சனம் நிறைஞ்சு நிண்டது. மொரீனும் வந்திருந்தாள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. மேடையிலை மேசை, வெள்ளைத் துணி, அஞ்சு கிளாஸ். இவனுக்குக் கழுத்திலை ஒரு அட்டை கொழுவி விட்டாங்கள், நடுவர் எண்டு. நான் மேடைக்குக் கிட்ட நிண்டன், ஏதும் விளங்காட்டில் மொழிபெயர்க்கலாமெண்டு ஆர்தர்தான் நிக்கச் சொன்னவன்.

மெதுவாச் சொல்லுறன், கிட்ட வாரும். உது லோசினிக்குத் தெரியாது.

குகன் என்னட்டைக் குனிஞ்சு, 'அத்தான், வாய் எரியுது. நாக்கிலை ஒண்டும் தெரியேல்லை. அவையளுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ, ஒரு மணித்தியாலம் பிந்தி வைப்பமெண்டு' எண்டான். தமிழிலைதான். அந்தச் சனத்துக்கு முன்னாலை அவனுக்கு இங்கிலீசு வரேல்லை. கமிட்டித் தலைவன் என்னைப் பாத்து, என்ன சொல்லுறான் எண்டு கேட்டான். அவ்வளவு சனமும் என்னைப் பாக்குது. இந்த ஊருக்கு வந்த இவ்வளவு காலத்திலை அவ்வளவு சனம் என்ரை வாயைப் பாத்து நிண்டது அண்டைக்குத்தான். நான் சொன்னன், 'அவன் ரெடியாம்.'

வேறை என்னத்தைச் சொல்லுறது? நண்டு சாப்பிட்டுப்போட்டு வந்து நிக்கிறான் எண்டு சொல்லுறதே? எங்கடை மானம் என்னத்துக்காகிறது?

அவன் என்னைப் பாத்தான். ரெடி எண்ட சொல்லு அவனுக்கு விளங்காமலே? நான் சொன்னதை மறுத்து, அத்தான் பொய் சொல்லுறார் எண்டு அந்தச் சபையிலை சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. வளர்ப்பு அப்பிடி. திரும்பி ஒவ்வொரு கிளாஸாக் குடிச்சான். குடிச்சுப்போட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். முதல் ரெண்டையும் மாறிச் சொன்னான். மூண்டாவது தெரியாதெண்டான். நாலாவதைக் குடிச்சான், ரெண்டாந்தரமும் குடிச்சான், 'இது கெட்டுப்போச்சு, ஊத்திவிடுங்கோ' எண்டான்.

தலைவன் துணியை எடுத்தான். சாம்பல் குதிரை.

கூரை பறக்கச் சிரிச்சாங்கள் தம்பி. ஒவ்வொரு நாளும் வாங்கிலை இருந்து குடிச்ச சாமானையே கெட்டுப்போச்செண்டால் சிரிக்கமாட்டினமே? நானும் சிரிச்சன். சிரிச்சுப்போட்டு, சும்மா பகிடிக்கு, இங்கிலீசிலை ஒரு சொல்லுச் சொன்னன், 'கேஸிலையும் இவன் சொன்னதை உப்பிடித்தான் ஒருத்தரும் நம்பேல்லை' எண்டு. அதோடை சிரிப்பு நிண்டுபோச்சு. ஆர்தர் என்னைப் பாத்த பார்வை! பகிடி விளங்காத சனம்.

குகன் கழுத்திலை கிடந்த அட்டையைக் கழட்டி மேசையிலை வைச்சுப்போட்டு, ஆர்தரிட்டைப் போய் மன்னிக்கச் சொல்லிப்போட்டு நடந்தான். நான் காரிலை ஏறச் சொன்னன். ஏறேல்லை.

அடுத்த நாள் ஆர்தர் வீட்டை வந்தான். லோசினிதான் கதவு திறந்தவள். அவன் அவளுக்கு முன்னாலை என்னைக் கேக்கிறான், 'பாண் மட்டும் சாப்பிடச் சொல்லெண்டு உன்னட்டைச் சொன்னனானே, சொன்னியோ? என்ன சாப்பிட்டவன்?' லோசினிக்கு இங்கிலீசு வடிவா விளங்கும். அவன் போனாப்பிறகு சாமி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், 'தெரிஞ்சோ செய்தனியள்?' எண்டு கேட்டாள். நான் படத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணினன். ஆர்தர் சொன்னதை மறந்துபோனன், உறைப்புச் சாப்பிட்டால் ருசி தெரியாதெண்டது எனக்குத் தெரியாது, நான் குடியாதவன் எண்டு. அவள் படத்தை நேராக்கி வைச்சாள். பேந்து சொன்னாள், 'தெரிஞ்சு செய்தனியள் எண்டால் இந்தக் கையாலை உங்களுக்குச் சோறு போடமாட்டன். தெரியாதெண்டபடியால் போடுறன். ஆனால் இனி உறைப்புப் போடன்.'

அண்டையிலிருந்து எனக்கு வெள்ளைக்கறி. ரெண்டு சட்டியிலை சமைக்கிறாள் தம்பி. தனக்கும் வாற ஆக்களுக்கும் ஒரு சட்டி. எனக்குச் சொதியும் பால்கறியும். வருசக்கணக்கா வருத்தக்காரன்ரை சாப்பாடு சாப்பிடுறன். கடை கண்ணியிலை சாப்பிட்டுப்போட்டு வந்தால் மணத்திலை கண்டுபிடிச்சு அடுத்த நேரம் வெறும் கஞ்சி. சொந்த வீட்டிலை ஒரு மிளகாய்க்கு வழியில்லாத மனிசனை நீர் கண்டிருக்கிறீரே?

கேஸோ? தோத்துப்போச்சு. அதுக்கு நானே காரணம்? பத்துப் பேர் வரேல்லை, ஆர்தர் மட்டும் கழுத்திலை ரை கட்டிக்கொண்டு வந்தான். நானும் போனனான், போகேல்லையெண்டு சொல்லக்கூடாதெண்டு. நீதவான் கேட்டார், உன்னைப் பிடிச்சுக்கொண்டுபோனது எந்த மாசம் எண்டு. அது அவனுக்கு நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவான். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். 'தெரியுமெண்டுதான் நினைச்சனான். பிழையாயிருக்கலாம்' எண்டான். எத்தினை பேர் பிடிச்சது? 'வடிவாச் சொல்லத் தெரியேல்லை.' முதுகிலை உள்ள தழும்பு என்னண்டு வந்தது? 'சொன்னால் நீங்கள் நம்பமாட்டியள்.' லோயர் தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்திட்டார். தன்ரை கேஸைத் தானே கெடுத்தவனுக்கு ஆர் என்ன செய்யிறது?

ஒரு நாள் விடிய வந்து மேல் அறையிலையிருந்து கூட்டிக்கொண்டு போனாங்கள். போகேக்கை சுவரோரம் குனிஞ்சு, வெயில் படுகிற பக்கம் ஆரோ தள்ளிவைச்ச குதிரைப் போத்தல் ரெண்டை உள்ளுக்குத் தள்ளி வைச்சுப்போட்டுப் போனான். அதைப் பாத்துத்தான் லோசினி கத்தினாள். பிளேன் ஏத்திப்போட்டாங்கள். இப்ப வவுனியாவிலை ஒரு லொட்ஜிலை நிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையிலை இவள் ரெலிபோன் எடுப்பாள். சாப்பிட்டியோ எண்டால் ஓமெண்டுவான். என்ன கறி எண்டால், 'தெரியேல்லை அக்கா.' உப்பு உறைப்பு அளவோ? 'தெரியேல்லை அக்கா.' அங்கை மழையோ எண்டு கேட்டாலும் தெரியேல்லையாம். எட்டிப் பாத்தால் தெரியுந்தானே? இவள் ரெலிபோனை வைச்சுப்போட்டு என்ரை முகத்தைப் பாப்பாள்.

அதோடை வாங்கு வெறிச்சுப்போச்சு. ஆர்தர், கென், மொரீன் எல்லாரும் அங்காலை சூப்பர் மார்க்கெட்டுக்கு முன்னாலை போய் இருக்கினம். ரெண்டு பஸ் மாறிப் போகினம் தம்பி, என்னட்டை வாங்கக்கூடாதெண்டு. அவையளைப் பாத்து மற்றச் சனமும் விட்டிட்டுது. வருசக்கணக்கா நான் அவையளுக்குச் செய்த சேவையை ஒருத்தரும் நினைக்கேல்லை.

இன்னொண்டு கேளும். போன மாசம், சனமுமில்லை, என்னதான் கிடக்கு உதுக்குள்ளை எண்டு பாப்பமெண்டு ஒரு குதிரைப் போத்தலைத் திறந்தன். ஓம், நான்தான். ஒரு வாய் குடிச்சன். அப்பிடியே நிண்டன் தம்பி. கருகின பனங்கட்டி. பேந்து வேப்பம்பூ வடகம். விழுங்கினாப்பிறகு பாண்கரை. அவன் சொன்ன ஒழுங்கிலையே வருது. வெள்ளைக்கறி சாப்பிட்டுச் சாப்பிட்டு என்ரை நாக்குச் சின்னப்பிள்ளையின்ரை நாக்கு மாதிரி வந்திட்டுது, எல்லாம் தெரியுது. எனக்கு வந்த ஆத்திரம்! இவ்வளவு அச்சொட்டாச் சொல்லத் தெரிஞ்சவன் அண்டைக்கு அந்தச் சபையிலை சொல்லியிருந்தால் எனக்கு இந்த நிலை வருமே?

போத்தலையும் எடுத்துக்கொண்டு காரை எடுத்து நேரை அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனன். ஆர்தருக்கு முன்னாலை நிண்டு சொன்னன், ஆர்தர், எனக்கும் தெரியுது, முதல் பனங்கட்டி, பிறகு வடகம் எண்டு. அவன் நான் முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். 'அதை எங்களுக்கு முதலே ஒருத்தன் சொல்லிப்போட்டான்' எண்டுபோட்டு மற்றப் பக்கம் திரும்பியிட்டான். கென் பாத்திரம் கழுவின தண்ணி எண்டுகூடச் சொல்லேல்லை. எனக்கு அழுகை வந்தது தம்பி, உண்மையாத்தான். எனக்கு இப்ப எல்லா ருசியும் தெரியுது, கேக்கத்தான் ஒருத்தனுமில்லை.

நீர் குடிப்பீர்தானே? அப்ப உதைத் திறவும். ஒரு வாய் குடிச்சுப்போட்டு எனக்குச் சொல்லும், நான் சொல்லுறதும் நீர் சொல்லுறதும் ஒத்துவருதோ எண்டு பாப்பம். அங்கை, சோத்துக் கோப்பையள் வைக்கிற சத்தம் கேக்குது, சாப்பாடு ஆயத்தம். சாப்பிட்டுப்போட்டுக் குடியுமன். இல்லை, இல்லை, என்ன விசர்க்கதை கதைக்கிறன். முதல் குடியும். அந்த நண்டு வாயிலை பட்டால் பேந்து குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது. அண்டைக்குக் குகன் மேடையிலை நிண்டு காதுக்குள்ளை சொன்னவனே, அத்தான், நாக்கிலை ஒண்டும் தெரியேல்லை, சொல்லுங்கோ எண்டு. அது தெரிஞ்சுதானே நான்...

லோசினி. எப்ப வந்தனீ? கதவு சாத்தியெல்லோ இருந்தது.

தம்பிக்கு முன்னாலை வை. ஓம், அது தம்பியின்ரை. நல்லாச் சிவந்திருக்கு. தம்பி, சாப்பிடும், என்னைப் பாக்காதையும்.

லோசினி, எங்கை போறாய்? மற்றது எனக்கெல்லோ. சொதிதானே, வெள்ளைக்கறிதானே, அதை ஏன் திருப்பிக்கொண்டு போறாய்? இஞ்சரும். லோசினி. அது என்ரை கோப்பை.